அமெரிக்காவின் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களுக்குக் கொழும்பிலிருந்து விண்ணப்பிக்கிறீர்களா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓகஸ்ட் மாதம் பிறந்தால் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு யாராவது ஒரு அம்மாவோ அப்பாவோ பைலும் கையுமாக வருவார்கள். சில வருடங்களுக்கு முன் என் மகள் அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தாள். உள்ளூர் உயர்தரம், தமிழ் மொழிமூலம். 11 இடங்களுக்குப் போட்டாள். 9 இடங்களில் மறுப்பு, ஒன்றில் காத்திருப்புப் பட்டியல், ஒன்றில் முழு உதவிப்பணத்தோடு அனுமதி. அது தெரிந்ததிலிருந்து கோவிலிலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி ஒன்றிரண்டை மறந்துவிடுகிறேன் என்பதால், கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அங்கே 'கொலேஜ்' என்கிறார்கள், இங்கே பள்ளிக்கூடத்தைத்தானே கொலேஜ் என்கிறோம்?

ஆமாம், இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். கொழும்பில் 'கொலேஜ்' என்றால் பிள்ளை சீருடை போட்டுக்கொண்டு போகும் இடம். அமெரிக்காவில் உயர்தரத்துக்குப் பிறகு நான்கு வருடப் பட்டம் படிக்கும் இடம். ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட், எம்.ஐ.டி. எல்லாமே தனியார் நிறுவனங்கள். 'தனியார்' என்றதும் பணம் கட்டினால் இடம் கிடைக்கும் என்று இங்கே நினைப்போம். அங்கே பெயர்பெற்ற தனியார் இடங்களில்தான் நுழைவது மிகக் கடினம், பணமில்லாத பிள்ளைக்கு அதிக உதவி கிடைப்பதும் அங்கேதான். இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்திருங்கள்.

போட்டி உண்மையிலேயே கூடியிருக்கிறதா, இல்லை சும்மா பயமுறுத்துகிறார்களா?

கூடியிருக்கிறது. ஹாவர்டுக்கு 2020இல் சேர 40,248 பேர் விண்ணப்பித்தார்கள். அடுத்த வருடமே அது 57,435 ஆனது. அனுமதி கிடைத்தது 1,968 பேருக்கு. 2025இல் சேர 47,893 பேர் விண்ணப்பித்து 2,003 பேருக்கு இடம் கிடைத்தது, அதாவது 100 பேரில் 4 பேர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் ஆச்சரியம். 1990களின் தொடக்கத்தில் விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை அது எடுத்துக்கொண்டது. இப்போது 100க்கு 5 பேர் அளவில்தான் எடுக்கிறது. நியூயோர்க் பல்கலைக்கழகத்துக்கு வருடத்துக்கு 1 இலட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வருகின்றன.

காரணம் பிள்ளைகள் திடீரென்று கெட்டிக்காரராகிவிட்டார்கள் என்பதல்ல. முதலாவது, 'கொமன் அப்' என்ற பொது விண்ணப்பம். 1975இல் 15 தனியார் கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு அது. இன்று ஒரே கணக்கில் 20 இடங்கள் வரை சேர்த்துக்கொள்ளலாம். முன்பு 4 இடத்துக்குப் போட்ட பிள்ளை இப்போது 15 இடத்துக்குப் போடுகிறது. ஆளின் எண்ணிக்கை அதேதான், விண்ணப்பத்தின் எண்ணிக்கை மட்டும் பெருகிவிடும். இரண்டாவது, 2020இல் கொரோனாவால் பரீட்சை மண்டபங்கள் மூடப்பட்டன, எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்க நுழைவுப் பரீட்சையின் புள்ளி இல்லாமலே விண்ணப்பிக்கலாம் என்றார்கள். 'நமக்கு எங்கே கிடைக்கும்' என்று ஒதுங்கியிருந்தவர்களும் போட்டுப் பார்த்தார்கள். மேலே சொன்ன 57,435 அந்த வருடத்துக் கணக்குத்தான். மூன்றாவது, உலகம் முழுவதிலுமிருந்து பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்கள். இத்தனைக்கும் இடங்கள் கூடவில்லை. ஹாவர்டில் முதல் வருடத்துக்கு எடுப்பது ஏறக்குறைய 1,650 பேரைத்தான்.

அப்புறம் ஒன்று. அந்த 4 வீதம் எல்லோருக்கும் பொதுவான 4 வீதம் அல்ல. விளையாட்டுக்காக எடுக்கும் பிள்ளைகள், பழைய மாணவரின் பிள்ளைகள், பெரிய நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு பகுதி முன்னரே போய்விடும். முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க அலைந்த கொழும்புப் பெற்றோருக்குப் பழைய மாணவர் சலுகை பற்றி நான் விளக்கத் தேவையில்லை. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ், அம்ஹர்ஸ்ட் போன்றவை அந்தச் சலுகையை நிறுத்திவிட்டன. ஹாவர்டில் இன்னும் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது இன்னும் குறைவு. எம்.ஐ.டி.யில் வெளிநாட்டு விண்ணப்பதாரரில் 100க்கு 2 பேர் அளவுக்கே இடம் கிடைக்கிறது.

மகனுக்கு 3 ஏ வரும் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்கிறார்கள். அது போதாதா?

போதாது. கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

எங்களுக்குப் பழகிய முறை வேறு. இசட் புள்ளி வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் இடம் உங்களுடையது, யாரும் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. அங்கே வெட்டுப்புள்ளி கிடையாது. பெறுபேறு நன்றாக இருந்தால் கோப்பைத் திறந்து வாசிப்பார்கள், அவ்வளவுதான். அதன் பிறகு பிள்ளை எதில் மனம் வைத்து நின்றது, ஆசிரியர் என்ன எழுதியிருக்கிறார், கட்டுரையில் ஒரு மனிதர் தெரிகிறாரா, அந்த வருடம் அந்தக் கல்லூரிக்கு யார் தேவை என்று பார்த்து ஒரு வகுப்பைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். சென்ற வருடம் வயலின் வாசிப்பவர்கள் நிறையச் சேர்ந்திருந்தால் இந்த வருடம் வயலினுக்கு மதிப்புக் குறையலாம். இதில் உங்கள் பிள்ளையின் தவறு எதுவும் இல்லை.

இலங்கையருக்கோ ஆசியருக்கோ கோட்டா உண்டா?

தரப்படுத்தலைக் கண்ட வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான், அந்தக் காயம் எனக்கும் புரிகிறது. எங்கள் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு இன்றும் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிப்பு இருக்கிறது. கொழும்பு மாவட்டப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி ஏன் எப்போதும் உயரத்தில் நிற்கிறது என்பது அதனால்தான்.

அங்கே அப்படி எழுதி வைத்த நாட்டுக் கோட்டா இல்லை. இனத்தைக் கணக்கில் எடுத்துச் சேர்ப்பது சட்டத்துக்கு முரண் என்று 2023 ஜூன் 29ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹாவர்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆனால் கொழும்பிலிருந்து போடும் பிள்ளைக்கு இனத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு யார் பணம் கட்டப் போகிறார்கள்?

சரி, பணம் எவ்வளவு?

முதலில் பயப்படும் தொகையைச் சொல்கிறேன். கற்பித்தல் கட்டணம், விடுதி, சாப்பாடு, காப்புறுதி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 85,000 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் அதைவிடக் கூட. டொலர் 300 ரூபா என்று பெருக்கினால் வருடத்துக்கு 2 கோடி 55 இலட்சம். நான்கு வருடத்துக்கு 10 கோடிக்கு மேல். யாழ்ப்பாணத்துக் காணியை விற்றாலும் வெள்ளவத்தை பிளட்டை விற்றாலும் இது தாங்காது. 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200இலிருந்து 350ஐத் தாண்டியதை நாம் எல்லோரும் பார்த்தோம். ரூபாவில் சேர்த்து டொலரில் கட்டுகிறவர்களுக்கு அது ஒரு எச்சரிக்கை.

இப்போது மறுபக்கம். 2025-26 கல்வியாண்டிலிருந்து, வருட வருமானம் 1 இலட்சம் டொலருக்குக் குறைவான, வழக்கமான அளவு சொத்துள்ள குடும்பங்களின் பிள்ளைகளிடம் ஹாவர்ட் எதுவும் வாங்குவதில்லை. படிப்பும் விடுதியும் சாப்பாடும் அதில் அடக்கம். கொழும்பில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து மாதம் 3 இலட்சம் ரூபா உழைக்கும் வீட்டை எடுங்கள், நடுத்தரத்தில் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய வீடு. வருடத்துக்கு 36 இலட்சம், டொலரில் 12,000. இந்த வீட்டுப் பிள்ளைக்கு அனுமதி கிடைத்தால் வீட்டுச் செலவு கிட்டத்தட்ட இல்லை. இங்கே ஒரு தனியார் பட்டத்துக்குக் கட்டுவதைவிட ஹாவர்ட் மலிவாகிவிடும். நான் இதைச் சொல்லும்போது பெற்றோர் நம்புவதே இல்லை. கடதாசியில் எழுதிக் காட்டுவேன்.

எல்லாம் அந்த 'அனுமதி கிடைத்தால்' என்பதில்தான் நிற்கிறது. அதற்கு அடுத்த கேள்வியைக் கவனமாக வாசியுங்கள்.

'நீட் பிளைண்ட்' என்கிறார்களே, அது என்ன?

பிள்ளையைத் தெரிவு செய்யும்போது, இவருக்கு உதவிப்பணம் தேவையா என்று பார்க்காமல் முடிவு செய்வது. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இப்படிச் செய்யும் இடங்கள் நிறைய. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அதே முறையில் செய்து, தேவையான முழுத் தொகையையும் கொடுப்பவை மிகச் சில. ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹர்ஸ்ட் பழையவை. டார்ட்மத், பவுடின் 2022இல் சேர்ந்தன. பிரவுன் 2025இல் சேரும் வகுப்பிலிருந்து தொடங்கியது. நோட்ர டாமும் வொஷிங்டன் அன்ட் லீயும் அண்மையில் இந்த வரிசைக்கு வந்தன.

மற்றப் பெரும்பாலான இடங்களில் நீங்கள் உதவி கேட்பது முடிவைப் பாதிக்கும். ஸ்டான்ஃபோர்ட், கொலம்பியா, கோர்னெல் கூட வெளிநாட்டுப் பிள்ளைகள் விடயத்தில் இப்படித்தான். அவர்களிடம் வெளிநாட்டவருக்கென்று ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருக்கும். அது முடிந்தால் எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் இடம் இல்லை. என் மகளின் 9 மறுப்பில் எத்தனை திறமை பார்த்து வந்தவை, எத்தனை பணம் பார்த்து வந்தவை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். ஆனால் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை அந்த ஒன்பதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு 'நான் போதாதவள்' என்று அழுததை நான் பார்த்தேன். விண்ணப்பிக்கும் முன்பே இந்த வித்தியாசத்தை அவளுக்கு விளக்கியிருக்க வேண்டும். நீங்களாவது முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உதவி வேண்டாம் என்று போட்டு, உள்ளே போன பிறகு கேட்டால் என்ன?

செய்யவே வேண்டாம். உதவி தேவை என்பதை விண்ணப்பத்திலேயே சொல்லாத வெளிநாட்டு மாணவர் பிறகு நான்கு வருடமும் கேட்க முடியாது என்பது பல இடங்களின் விதி. முதல் வருடத்துக்கு நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு, இரண்டாம் வருடத்தில் பிள்ளையைத் திருப்பிக் கூப்பிட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும்.

கனடாவில் இருக்கும் மாமா மாதாமாதம் பணம் அனுப்புகிறார். அதைக் காட்ட வேண்டுமா?

காட்ட வேண்டும். பெரும்பாலான தனியார் இடங்கள் 'சி.எஸ்.எஸ். புரொஃபைல்' என்ற படிவத்தைக் கேட்கும். அதில் சம்பளம், வங்கிச் சேமிப்பு, காணி, வீடு, உறவினர் தரும் உதவி எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. எங்கள் வீடுகளில் பாதி வருமானம் டொரொண்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறது, அதற்குக் கணக்குப் புத்தகம் கிடையாது. வங்கிக் கூற்றில் தெரியும் பணத்தைப் படிவத்தில் மறைத்தால் பிள்ளையின் நேர்மை மீதே சந்தேகம் வரும். மாமா எவ்வளவு அனுப்புகிறார், எதற்கு அனுப்புகிறார், எப்போது நிறுத்தக்கூடும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி இணைத்தோம். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

மாமாவையே முழுச் செலவுக்கும் பொறுப்பாகக் காட்டச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருவார்கள். அவருக்கும் அங்கே வீட்டுக் கடன், பிள்ளைகள் இருக்கும். உறவு முறியாமல் இருக்க வேண்டுமென்றால் முதலில் அவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள்.

'எர்லி டிசிஷன்' போட்டால் வாய்ப்புக் கூடுமா?

கூடும். நவம்பர் 1ஆம் திகதியளவில் ஒரே ஒரு இடத்துக்குப் போட்டு, கிடைத்தால் கட்டாயம் வருவேன் என்று கையெழுத்து வைப்பது அது. பல தனியார் இடங்கள் வகுப்பில் ஏறக்குறைய பாதியை இப்படியே நிரப்பிவிடுகின்றன. போட்டி கூடியதற்கு இதுவும் ஒரு காரணம், மார்ச்சில் மிஞ்சும் இடங்கள் குறைந்துவிடும். உதவிப்பணம் போதவில்லை என்றால் அந்த வாக்குறுதியிலிருந்து விலகலாம். ஆனால் வேறு இடம் கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்காது. ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் ஆகியவற்றில் முன்கூட்டிப் போடலாம், கட்டாயம் இல்லை. ஆனால் அதே சுற்றில் வேறு தனியார் இடங்களுக்குப் போடக் கட்டுப்பாடு உண்டு.

உயர்தரப் பரீட்சையும் விண்ணப்பக் காலமும் ஒன்றாக வருகிறதே, எப்படிச் சமாளிப்பது?

லண்டன் ஏ லெவல் எழுதும் பிள்ளைகளுக்கு இல்லாத, எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் இருக்கும் கஷ்டம் இது. 2024இலும் 2025இலும் உள்ளூர் உயர்தரம் நவம்பரில் தொடங்கியது. நவம்பர் 1 முன்கூட்டிய விண்ணப்பம், ஜனவரி 1 சாதாரண விண்ணப்பம். நடுவில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும். பெறுபேறு அடுத்த வருடம் ஏப்ரல் அளவில்தான் வருகிறது. அமெரிக்காவின் முடிவு மார்ச் இறுதியில் வந்துவிடும். லண்டன் பரீட்சைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எதிர்பார்க்கும் பெறுபேற்றைக் கணித்து அனுப்பும். எங்கள் பள்ளிகளில் அந்த வழக்கமே இல்லை.

என் கருத்தைச் சொல்கிறேன். உயர்தரத்தை நிம்மதியாக எழுதி முடிக்கட்டும். பெறுபேறு கையில் வந்த பிறகு, அந்த வருடம் ஓகஸ்டில் விண்ணப்பத்தைத் தொடங்கட்டும். ஒரு வருடம் போய்விடுமே என்று கவலைப்படுவீர்கள். இங்கே அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளையும் வகுப்புத் தொடங்கும்வரை மாதக்கணக்கில் வீட்டில்தானே இருக்கிறது? என் மகள் அந்த வருடம் கொட்டாஞ்சேனையில் மாலை நேரங்களில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தாள். எஸ்.ஏ.டி. எழுதினாள். நிறைய வாசித்தாள். மூன்று ஏ உண்மையாகவே கையில் இருந்ததால் யாருடைய கணிப்பும் தேவைப்படவில்லை. உள்ளூர் இடத்துக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள், அதைக் கைவிட வேண்டாம்.

ரியூசன் வகுப்பையும் விண்ணப்பத்தையும் ஒரே மூச்சில் செய்யப்போய் இரண்டையும் இழந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எஸ்.ஏ.டி. கட்டாயமா?

எம்.ஐ.டி. 2022இல் திரும்பக் கொண்டுவந்தது. டார்ட்மத், யேல், பிரவுன், ஹாவர்ட், கல்டெக் 2024இல் அறிவித்தன. யேலில் வேறு சில சர்வதேசப் பரீட்சைகளையும் பதிலாகக் காட்டலாம். கொலம்பியா போன்றவை இன்னும் கேட்பதில்லை. 1600க்கு 1500ஐத் தாண்டினால் அனுப்புங்கள். இப்போது கணினியில் 2 மணி 14 நிமிடப் பரீட்சை, கொழும்பிலேயே எழுதலாம். கணிதப் பகுதி எங்கள் பிள்ளைகளுக்குக் கடினமில்லை. ஆங்கில வாசிப்புத்தான் இழுக்கும், அதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே தினமும் நல்ல ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வாசிக்கப் பழக்குங்கள். ஆங்கில மொழித் தேர்வு ஒன்றும் வேண்டும், ஐ.ஈ.எல்.டி.எஸ். அல்லது டோஃபல்.

எங்கள் பள்ளியில் மாணவருக்கு வழிகாட்டும் கவுன்சிலர் என்று யாரும் இல்லை. யார் பரிந்துரைக் கடிதம் எழுதுவது?

அதிபரோ பகுதித் தலைவரோ வகுப்பாசிரியரோ எழுதலாம். அந்த ஊரில் கவுன்சிலர் இருப்பார், இங்கே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பாட ஆசிரியர் இருவரின் கடிதமும் வேண்டும். எங்கள் ஆசிரியர்கள் 'இவர் ஒழுக்கமான, கெட்டிக்கார மாணவி' என்று நான்கு வரியில் நற்சான்றிதழ் எழுதுவார்கள், அது அங்கே உதவாது. வகுப்பில் நடந்த ஒரு சம்பவத்தை எழுதச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். மகளின் இரசாயனவியல் ஆசிரியை, ஆய்வுகூடத்தில் அவள் ஒரு பரிசோதனையை மூன்று முறை திருப்பிச் செய்ததை எழுதினார். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கினால் தமிழில் எழுதித் தரட்டும், மொழிபெயர்த்து இரண்டையும் அனுப்பலாம்.

9ஆம் தரத்திலிருந்து தேர்ச்சி அறிக்கைகள் வேண்டும். தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். மின்வெட்டு, கொரோனா காலத்தில் சில தவணைப் பரீட்சைகள் நடக்கவே இல்லை, அதையும் பள்ளிக் கடிதத்தில் ஒரு வரியில் விளக்கச் சொல்லுங்கள்.

கட்டுரையில் யுத்தத்தைப் பற்றி எழுதினால் நல்லது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பிள்ளைக்கு அது சொந்த அனுபவம் என்றால், அல்லது வீட்டில் ஒருவர் திரும்பி வராமலே போனது அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை இன்றும் தொடுகிறது என்றால், எழுதலாம், அதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். வெறுமனே அனுமதிக்காக எழுத வேண்டாம். இப்போது உயர்தரம் எழுதும் பிள்ளைகள் 2009 மேயில் தொட்டிலில் இருந்தவர்கள், பலர் வளர்ந்தது பம்பலப்பிட்டி மாடிக் குடியிருப்புகளில். பாட்டியின் கண்ணீரை எடுத்துத் தன் விண்ணப்பத்துக்குப் போடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

அவர்களுக்கே உரிய கதைகள் நிறைய இருக்கின்றன. 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அப்போது எப்படிப் படித்தார்கள்? எரிவாயு வரிசையில் அப்பாவுக்குப் பதிலாக யார் நின்றது? வீட்டில் தமிழ், பஸ்ஸில் சிங்களம், பாடக் குறிப்பில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் ஓடும் ஒரு நாள் எப்படி இருக்கும்? 650 சொல்தான் இடம். ஒரு சின்ன விடயத்தை எடுத்து ஆழமாகப் போவதற்கு அது போதும், வாழ்க்கை வரலாறு எழுதப் போதாது.

அரங்கேற்றம் செய்திருக்கிறாள், வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளும் முடித்திருக்கிறாள். அவை கணக்கில் வருமா?

வரும். அந்தச் சபை என்ன, எத்தனை தரங்கள், எத்தனை வருடம் என்று ஒரு வரியில் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்குப் புரியாது. கொமன் அப்பில் 10 செயற்பாடுகள் போடலாம். அம்மம்மாவைப் பராமரித்தது, அப்பாவின் கடையில் கணக்கு எழுதியது, தம்பியைத் தினமும் வகுப்புக்குக் கூட்டிப் போனது எல்லாவற்றையும் எழுதுங்கள். வீட்டுப் பொறுப்புக்கும் வேலைக்கும் அந்தப் படிவத்தில் தனித் தலைப்புகளே உண்டு. எங்கள் பெண்பிள்ளைகள் இதையெல்லாம் வேலையாகவே நினைப்பதில்லை. பத்துக் கழகங்களில் பெயர் பதிந்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

முகவர் ஒருவர் நிச்சயம் எடுத்துத் தருவேன் என்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். பல முகவர்களுக்குப் பிள்ளையை அனுப்பும் பல்கலைக்கழகம் தரகுப் பணம் கொடுக்கிறது. ஹாவர்ட், யேல் மாதிரி இடங்கள் முகவருக்குக் கொடுப்பதில்லை. ஆகவே அவர் உங்களை எந்தப் பக்கம் திருப்புவார் என்று யோசித்துப் பாருங்கள். எங்களிடமும் ஒரு அலுவலகத்தில் பல இலட்சம் கேட்டார்கள், கட்டுரையைத் தாங்களே எழுதித் தருவதாகவும் சொன்னார்கள். மகள்தான் எழுந்து வெளியே வந்தாள். 2019 மார்ச்சில் அமெரிக்காவிலேயே பெரிய மோசடி ஒன்று பிடிபட்டது. போலி விளையாட்டு வீரர்கள், ஆள்மாறாட்டப் பரீட்சை, பெற்றோர் கொடுத்த லஞ்சம் என்று ஐம்பது பேர்மீது வழக்கு. அதை நடத்திய ஆலோசகருக்கு மூன்றரை வருடச் சிறை. அனுமதி பறிபோன பிள்ளைகளும் உண்டு.

எத்தனை இடங்களுக்குப் போடுவது?

10, 12 போதும். பெயர்பெற்ற இடங்களில் விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் 75 டொலரிலிருந்து 100 டொலர்வரை. கஷ்டப்பட்ட குடும்பம் என்றால் விலக்குக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். மேலே சொன்ன நீட் பிளைண்ட் இடங்களில் மூன்று நான்கு. கிரினெல், மவுண்ட் ஹோலியோக், லஃபாயெட் போன்று வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல உதவி கொடுக்கும் சிறிய கல்லூரிகள் ஐந்து ஆறு. கென்டக்கியில் பெரியா என்றொரு கல்லூரி, கற்பித்தல் கட்டணமே வாங்குவதில்லை. ஊரில் யாரும் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். என் மகள் இப்போது படிப்பது அப்படியான ஒரு சிறிய இடத்தில்தான், வகுப்பில் 15 பேர், பேராசிரியருக்கு அவளை நன்றாகத் தெரியும்.

அமெரிக்காவுக்கு வெளியேயும் பாருங்கள். நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகம், சிட்டகொங்கில் ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம். சிட்டகொங்குக்கு இங்கிருந்து புலமைப்பரிசிலில் நிறையப் பிள்ளைகள் போயிருக்கிறார்கள்.

விசா?

அனுமதியும் உதவிப்பணக் கடிதமும் வந்த பிறகு பல்கலைக்கழகம் மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் அனுப்பும். பிறகு கொள்ளுப்பிட்டி காலி வீதியில் உள்ள தூதரகத்தில் நேர்முகம். 2025 ஜூனிலிருந்து மாணவ விண்ணப்பதாரர் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும். அந்த வருடம் விதிகள் அடிக்கடி மாறின, ஆகவே பயணச்சீட்டை விசா கையில் வந்த பிறகே வாங்குங்கள்.

எல்லா இடமும் மறுத்துவிட்டால் வீட்டில் என்ன செய்வது?

பெரிய பெயர்களில் பலவற்றின் முடிவுகள் மார்ச் இறுதியில் ஒரே நாளில் வரும். அங்கே மாலை 7 மணி, இங்கே விடியற்காலை 4.30. அந்த நேரம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பக்கத்தில் இருங்கள், ஆனால் திரையை எட்டிப் பார்க்க வேண்டாம். அவள் சொல்லட்டும். தேத்தண்ணீர் போட்டு வையுங்கள். அன்று உறவினர் அழைப்புகளை நீங்களே எடுத்து, 'இன்னும் ஒன்றும் தெரியாது' என்று சொல்லுங்கள். 'நான் முதலே சொன்னேன்' என்ற வாக்கியம் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது, அப்பப்பா உட்பட.

பிறகு ஒரு வாரம் கழித்துப் பேசலாம். காத்திருப்புப் பட்டியல் இருந்தால், தொடர்ந்து விருப்பம் என்று ஒரு சிறு கடிதம் எழுதலாம், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். உள்ளூர்ப் பல்கலைக்கழக விண்ணப்பத்தை உரிய திகதிக்குள் போட்டிருந்தால் அந்த வழி திறந்தே இருக்கும். இங்கே பட்டம் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு அமெரிக்கா போவது இன்னொரு நல்ல வழி. கலாநிதிப் பட்டத்துக்கு அனுமதி கிடைப்பவர்களுக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவுக்கான தொகையையும் கொடுக்கிறது. மொறட்டுவையிலிருந்தும் பேராதனையிலிருந்தும் அப்படிப் போனவர்கள் ஏராளம்.

காசு கொடுக்காமல் யாரிடம் ஆலோசனை கேட்கலாம்?

கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் 'எடியுகேஷன் யு.எஸ்.ஏ.' ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. விண்ணப்ப முறை, உதவிப்பணம், பரீட்சை எல்லாம் விளக்குவார்கள், எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தரகர் அல்ல. முன்கூட்டியே நேரம் பதிந்துவிட்டுப் போங்கள். 12ஆம் தரத்திலேயே ஒரு முறை போவது நல்லது. தேர்ச்சி அறிக்கைகள், சாதாரண தரப் பெறுபேறு, பெற்றோரின் சம்பளச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பேசுவதைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு நீங்கள் பக்கத்துக் கதிரையில் குறிப்பெடுங்கள்.